கணக்கில் வராத பரோட்டா

தேனி மாவட்டத்துக்காரர் யாரையாவது பிடித்து, 'உங்க ஊர்ல என்ன விசேஷம்?' என்று கேட்டுப் பாருங்கள். கம்பம் பன்னீர் திராட்சை என்பார். 2023-ல் அது புவிசார் குறியீடு வாங்கியதை நெஞ்சு நிமிர்த்திச் சொல்வார். போடி ஏலக்காய், பெரியகுளம் மாம்பழம், பென்னிகுவிக், சுருளி அருவி என்று ஒரு சுற்று வருவார். அத்தனையும் உண்மை.

அதே மனிதரை ராத்திரி எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டு சந்துக்குள் பாருங்கள். வாழை இலையில் ரெண்டு பரோட்டா, பிய்த்துப் போட்டு, மேலே சால்னா குளமாக நிற்கும். உங்களைப் பார்த்ததும் முகத்தை லேசாகத் திருப்பிக்கொள்வார். 'எப்பவாச்சும்தான் சார்...' என்பார். நீங்கள் ஒன்றுமே கேட்டிருக்க மாட்டீர்கள்!

லோயர் கேம்ப்பில் ஆரம்பித்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர், ரெண்டு போகம் நெல் விளைகிற பூமி அது. பொழுது சாய்ந்தால் அந்தப் பச்சைக்கு நடுவே போகிற ரோட்டில், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊருக்கு ஊர் கொத்து பரோட்டா சத்தம்தான். 1956-க்குப் பிறகு பி.எல். 480 ஒப்பந்தத்தில் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்ததே, அதில் பிடித்த பழக்கம் என்று ஒரு கதை சொல்வார்கள். இருக்கலாம். எப்படியோ வந்தது, உட்கார்ந்துவிட்டது.

நான் படித்தது பி.காம். அதனால் எனக்கு எதைப் பார்த்தாலும் வரவு செலவுதான் ஞாபகம் வரும். 2020-ல் கர்நாடகத்தில் ஜி.எஸ்.டி. முன்கூட்டித் தீர்ப்பு சொல்கிற அமைப்பு, 'சப்பாத்தி வேறு, பரோட்டா வேறு' என்று சொன்னது. பாக்கெட் சப்பாத்திக்கு 5 சதவிகிதம், பாக்கெட் பரோட்டாவுக்கு 18 சதவிகிதம். நாடே சிரித்தது. 2025 செப்டம்பர் 22-லிருந்து ரெண்டுக்கும் பூஜ்யம். ஆக, அரசாங்கமே பரோட்டாவை மன்னித்துவிட்டது. நாம்தான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்காமலே தின்றுகொண்டிருக்கிறோம்.

இந்தத் திருட்டுத்தனத்துக்கு இப்போது ஸ்டைலாக 'கில்டி ப்ளஷர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அந்த வார்த்தை மேல் கொஞ்சம் கோபம் உண்டு. சென்னையில் ஏ.ஸி. ரெஸ்டாரன்ட்டில் உட்கார்ந்து, பரோட்டாவைப் போட்டோ எடுத்து, 'இன்னிக்கு டயட்டுக்கு லீவு' என்று நாலு பேருக்கு அனுப்புகிறாரே, அவருக்கு ஏது குற்ற உணர்ச்சி? அது பெருமை. நிஜமான குற்ற உணர்ச்சி போட்டோவுக்கு நிற்காது. கையை ரெண்டு தடவை சோப்பு போட்டுக் கழுவும்.

அது நம்மைப் பொய் சொல்லவும் வைக்கும். பரோட்டா மேல் நாம் கட்டிவிட்ட புரளியைப் பாருங்கள். மைதாவில் 'அலாக்ஸான்' என்ற விஷத்தைக் கலக்கிறார்கள், அதனால்தான் சர்க்கரை நோய் என்று வருஷக்கணக்காக ஒரு பேச்சு ஓடுகிறது. சோதனைக்கூடத்தில் எலிக்கு அலாக்ஸான் ஊசி போட்டு சர்க்கரை நோயை வரவழைப்பது நிஜம். ஆனால், அதை யாரும் மைதா மூட்டையில் கொட்டிக் கலக்குவதில்லை. நமக்குக் கெடுதல் பண்ண அந்த எலி மருந்து தேவையே இல்லை சார். தவிடும் முளையும் நீக்கிய வெறும் மாவு, அதில் குளிக்கக் குளிக்க எண்ணெய், ராத்திரி ஒன்பது மணி, பக்கத்தில் காய் என்று பெயருக்குக்கூட ஒன்றும் கிடையாது, தின்றதும் படுக்கை. இவ்வளவு போதும். 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் 11.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது பத்து கோடிக்கு மேல் சர்க்கரை என்றது. விஷம் என்று சொல்லிவிட்டால் மில்லுக்காரன் மேல் பழி போட்டுவிடலாம். எத்தனை தின்றோம் என்று எண்ண வேண்டாம் பாருங்கள்.

நம் ஊரில் பரோட்டாவை எல்லார் முன்னாலும் எண்ணிச் சாப்பிட்டவர் எனக்குத் தெரிந்து ஒருத்தர்தான். 2009-ல் 'வெண்ணிலா கபடி குழு' படத்தில் சூரி. கணக்கில் தகராறு வந்ததும், போட்ட கோட்டையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கத் தயார் என்றாரே, அந்த நேர்மை என் அப்பாவிடம் இருந்ததில்லை.

அப்பாவுக்கு சர்க்கரை. சின்னமனூரில் வீடு. டாக்டர் கேட்டால், 'காலைல ரெண்டு இட்லி, மத்தியானம் ஒரு கப் சோறு, ராத்திரி ரெண்டு சப்பாத்தி' என்று மனப்பாடமாக ஒப்பிப்பார். டாக்டர் வாக்கிங் போகச் சொல்லியிருந்தார். சாயங்காலம் ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார், ஒரு நாள் தவறமாட்டார். அந்த வாக்கிங் பரோட்டாக் கடை வரைக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. திரும்பி வந்து, சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக அந்த ரெண்டு சப்பாத்தியையும் தின்பார்!

காமர்ஸில் இதை இரட்டைப் பதிவு என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு ராத்திரிக்கு ரெண்டு சாப்பாடு. புத்தகத்தில் ஏறுவது ஒன்று. டாக்டர் அந்தப் பொய்ப் புத்தகத்தைப் பார்த்து, 'ரெண்டு சப்பாத்திக்கே சுகர் இப்படி ஏறுதே' என்று மாத்திரையைக் கூட்டினார். அம்மா எண்ணெயைக் குறைத்தாள். சப்பாத்தி போய் கேழ்வரகு வந்தது. கேழ்வரகு போய் சாமை வந்தது. அவருக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று சமைக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. அதையே அவளும் தின்றாள். இப்படி ஆறு வருஷம்.

ஊருக்குப் போயிருந்தபோது ஒரு ராத்திரி பார்சல் வாங்கக் கடைக்குப் போனேன். மாஸ்டர் மாவை வீசிக்கொண்டே, 'அப்பாவுக்கும் சேர்த்தா தம்பி? இப்பத்தானே சாப்பிட்டுப் போனாரு' என்றார்.

வீட்டுக்கு வந்து, அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

'தெரியும்டா. சட்டையத் துவைக்கிறது நான்தானே. சால்னா வாடை எனக்குத் தெரியாதா?'

'பிறகு எதுக்கும்மா இந்தச் சாமையும் கேழ்வரகும்?'

'அங்க தின்னுட்டு வந்து இங்கயும் திங்கிறாரு. இங்கயாச்சும் கேழ்வரகா இருக்கட்டுமேன்னுதான்.' கொஞ்ச நேரம் கழித்து, 'ஆறு வருஷத்துல ஒரு நாளாச்சும் எனக்கு ஒண்ணு வாங்கிட்டு வந்தாரா பாரு' என்றாள்.

அன்றைக்கு வரைக்கும் அம்மாவுக்குப் பரோட்டா பிடிக்கும் என்பதே எனக்குத் தெரியாது. நீங்கள் உங்கள் வீட்டில் கேட்டிருக்கிறீர்களா?

கம்பம் பள்ளத்தாக்கில் எந்தப் பரோட்டாக் கடையிலும் பெஞ்சைப் பாருங்கள். உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் ஆம்பளைகள். பொம்பளைகள் நின்று பார்சல் வாங்குவார்கள். விடியாத நேரத்தில் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் மலையேறுகிறார்கள். குமுளி வழி, கம்பம் மெட்டு வழி, போடி மெட்டு வழி, கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு. மடியில் சோத்து டப்பா இருக்கும். சாயங்காலம் ஜீப் இறக்கிவிட்டதும் சில பேர் நேராகக் கடைக்கு வந்து, சால்னாவுக்குத் தூக்குவாளியை நீட்டுவார்கள். அவர்கள் முகத்தில் 'எப்பவாச்சும்தான்' என்கிற நெளிசல் கிடையாது. அந்தப் பொட்டலத்தில் ஒரு வேளை அடுப்பு மிச்சம். பிள்ளைகளுக்குச் சந்தோஷம். அவ்வளவுதான் கணக்கு.

அதற்காக அந்தப் பரோட்டா அவர்களை ஒன்றும் செய்யாது என்று சொல்லமாட்டேன். அவர்கள் உடம்பும் உடம்புதான். எனக்குக் கடைக்காரர்கள் மேல் ஒரு குறை உண்டு. மலேசியாவில் நம்மாட்கள் கொண்டுபோன ரொட்டி சனாய்க்குப் பருப்புக் குழம்பு ஊற்றுகிறார்கள். இவ்வளவு காய்கறி இறங்குகிற கம்பத்தில், வெங்காயத்தைத் தாண்டி ஒரு கரண்டி காய் வைத்தால் என்ன குறைந்துவிடும்? கேட்டேன். மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

அந்தச் சனிக்கிழமை நானே போய் மூணு பரோட்டா வாங்கிவந்து, நடு வீட்டில் இலையைப் போட்டு, வெள்ளரிக்காய் நறுக்கி வைத்து, ரெண்டு பேரையும் உட்காரவைத்தேன். ஆளுக்கு ஒன்று. வேறு சாப்பாடு கிடையாது. அப்பா தலையைத் தூக்கவில்லை. 'அடுத்த தடவை டாக்டர்ட்ட நீங்களே சொல்லிருங்க' என்றேன். சரி என்கிற மாதிரி மண்டையை ஆட்டினார்.

அம்மா ஒரு விள்ளல் பிய்த்து, சால்னாவில் தோய்த்து வாயில் போட்டாள். மென்றாள்.

'சோம்பு ஜாஸ்தி. இதுக்கா இம்புட்டுத் தூரம் நடந்தீக?'