மாண்டவன் மீளலாமா? ஒரு திறனாய்வு

2015-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள், 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஐந்தாம் பருவம் முடிவுற்றபோது, அதன் தலைமை மாந்தருள் ஒருவனாகிய ஜான் ஸ்னோ தன் சொந்தத் தோழர்களாலேயே குத்தப்பட்டுப் பனியில் வீழ்ந்து கிடந்தான். அடுத்த பருவம் தொடங்கப் பத்துத் திங்களுக்கு மேலாயிற்று. அக்காலமெல்லாம் இரசிகர்களிடையே ஒரு வினா ஓயாமல் எழுந்தது: இவன் மீண்டும் வர வேண்டுமா, வரலாகாதா? இது கட்டுக்கதையைப் பற்றிய வீண் வழக்கு என்று திருப்பணியாளராகிய நாம் ஒதுக்கிவிடலாம். ஆயினும் சாவையும் மீட்சியையும் பற்றி ஆலயத்திற்கு வெளியே மக்கள் இத்துணை ஊக்கத்துடன் வாதிடும்போது, அதனைச் செவிமடுப்பது நம் கடமை என்றே கருதுகிறோம்.

வரலாகாது என்றோரின் வாதம் வலுவானது. இத்தொடருக்கு மூலமாகிய நாவல்வரிசையை எழுதியவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். 1996-இல் வெளிவந்த முதல் நூலிலேயே, வாசகர் தம் தலைவனென நம்பிய நெட் ஸ்டார்க் என்னும் நேர்மையாளன் தலை வெட்டுண்டு மாய்கிறான். நல்லவன் என்பதற்காக இக்கதையில் எவனும் தப்புவிக்கப்படான் என்னும் உடன்படிக்கையை ஆசிரியர் அதன்மூலம் வாசகரோடு செய்துகொண்டார். நெட் ஸ்டார்க் மீளாதபோது ஜான் மட்டும் மீள்வானாகில், முன்னவனுக்காகச் சிந்திய கண்ணீர் பொய்யாகாதோ என்பது இவர்களது கேள்வி.

வரவேண்டும் என்றோரும் வெறும் பாசத்தால் பேசவில்லை. 2011-இல் வெளிவந்த ஐந்தாம் நூல் அவன் வீழ்ந்த இடத்திலேயே அவனை விட்டுவிடுகிறது. அந்நூலின் முகப்பிலேயே, விலங்குகளின் உள்ளத்துள் புகவல்ல ஒருவன் இறந்தபின் ஓநாயின் உடலில் வாழத் தொடங்குவதை ஆசிரியர் காட்டியிருந்தார். ஜானின் பிறப்பைப் பற்றிய மறைபொருளும் அவிழ்க்கப்படாமல் நின்றது. வித்திட்டவர் விளைவையும் தரவேண்டும் என்று இவர்கள் வாதிட்டனர். இவர்களுடைய வாதத்தின் அடியில் வேறொன்றும் இருந்தது: வஞ்சகரின் கத்தியே கதையின் இறுதிச்சொல்லாக இருத்தலாகாது என்னும் ஏக்கம்.

இவ்விரு சாராருக்கும் தீர்ப்பளிக்க வேண்டுமாயின், அப்படைப்பின் சொந்தச் சட்டத்தைக்கொண்டே அளிக்கவேண்டும். மார்ட்டினின் உலகில் மாண்டோர் மீள்வதுண்டு. ஆனால் விலையின்றி மீள்வதில்லை. 2000-இல் வந்த மூன்றாம் நூலில், பலமுறை செத்து எழுப்பப்பட்ட பெரிக் டொண்டாரியன் என்னும் பிரபு, தன் கோட்டை இருந்த இடத்தையும் தனக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணின் கூந்தல் நிறத்தையும் மறந்துபோயிருக்கிறான். நெட் ஸ்டார்க்கின் மனைவி கேட்லின் அறுபட்ட தொண்டையோடு எழுந்து, இரக்கமற்ற பழிவாங்கியாக அலைகிறாள். டோல்கீனின் காண்டால்ஃப் மரித்தே இருந்திருக்க வேண்டும் என்று மார்ட்டின் சொல்லிவந்ததும் இக்கொள்கையினால்தான். டோல்கீனுக்கும் இதில் மனக்குறை இருந்தது. காண்டால்ஃபின் வருகையைத் தாம் காட்டிய முறை குறையுடையதே என்று 1954-இல் இயேசு சபையைச் சேர்ந்த நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

இவ்வளவுகோலால் நோக்குமிடத்துத் தொலைக்காட்சித் தொடர் குறைவுபடுகிறது. 2016 மே முதல் நாள் ஒளிபரப்பான பகுதியில் மெலிசாண்ட்ரே என்னும் செந்நிற ஆடைப் பூசாரிணி ஜானை எழுப்புகிறாள். அடுத்த பகுதியில் அவன் தன்னைக் கொன்றோரைத் தூக்கிலிடுகிறான். அவர்களுள் ஒருவன் சிறுவன். சாகும்வரை காவல் காப்பேன் என்று ஆணையிட்டிருந்தவன், செத்தாயிற்றாகலின் ஆணையும் முடிந்தது என்று தன் மேலாடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புறப்படுகிறான். பெரிக் இழந்தவை போன்ற எதனையும் இவன் இழக்கவில்லை. மார்பில் தழும்புகள் உண்டு. மனத்தில் சிலநாள் கலக்கம் உண்டு. பின்னர்க் கதை அவன் இறவாதவன் போலவே நடக்கிறது. ஆகவே வரலாகாது என்றோர் முடிவில் தோற்றாலும் அச்சத்தில் வென்றனர். கேடு அவன் மீண்டதில் இல்லை. மீண்டது அவனிடத்தில் பெரிதாக எதனையும் மாற்றாததில் இருக்கிறது.

எனினும் ஓரிடத்தில் தொடர் உண்மையைத் தொட்டுவிட்டது என்பதையும் சொல்லியாகவேண்டும். அப்பருவத்தின் ஒன்பதாம் பகுதியில், போருக்கு முந்திய இரவில், தான் வீழ்ந்தால் தன்னைத் திரும்ப எழுப்பலாகாது என்று ஜானே மெலிசாண்ட்ரேயிடம் கேட்டுக்கொள்கிறான். இரசிகர் அவனுக்காக வழக்காடினர். அவனோ வேண்டாம் என்கிறான். சாவுக்கப்பால் ஒன்றுமே இல்லை என்று கண்டு வந்தவனுக்குத் திரும்பி வருதல் நற்செய்தி ஆகாது. அதே வாழ்வு, அதே போர், இன்னொரு சாவு.

இவ்விடத்தில்தான் இறையியல் மாணவர் வேறுபாட்டைக் கூர்ந்து காணவேண்டும். ஜானின் வருகை பெத்தானியாவின் லாசருவுக்கு நேர்ந்ததை ஒத்தது. லாசரு மீண்டும் மரிக்கவேண்டியவன். கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலோ பழைய வாழ்வுக்குத் திரும்புதலன்று. சாவு இனி அவரை ஆளாது என்று பவுல் உரோமர் ஆறாம் அதிகாரத்தில் அறுதியிட்டுரைக்கிறார். அடுத்த அதிகாரத்தில், சாவு ஒருவனைச் சட்டத்தினின்று விடுவிக்கிறது என்று அவரும் வாதிடுகிறார். ஜான் எடுத்துக்கொண்ட நியாயமும் அதுவே. ஆனால் பவுலுக்கு அவ்விடுதலை கடமையினின்று வெளியேறும் வாயிலன்று. மற்றொருவருக்கு உரியவராகிக் கனிகொடுப்பதற்கான வாயில். இன்னும் ஒன்று: உயிர்த்த ஆண்டவரும் தழும்புகளோடுதான் வந்தார்; தம்மைக் கைவிட்டு ஓடியவர்களிடமே வந்தார். யோவான் இருபதாம் அதிகாரத்தின்படி அவர்களிடம் அவர் முதலில் கூறியது சமாதானம். ஜான் எழுந்தவுடன் நட்டது தூக்குமரம். மீண்டு வந்தவன் யாவன் என்பதை அவன் தன் பகைவருக்குச் செய்வதைக்கொண்டு அறியலாம்.

இத்திறனாய்வு நம்மையும் தொடாமல் விடாது. உயிர்ப்பு ஞாயிறன்று நாம் ஆற்றும் அருளுரைகளில், வெள்ளிக்கிழமையின் சாவு அடுத்த பகுதியில் சரிசெய்யப்படும் கதைத்திருப்பம் போல ஒலிப்பதில்லையா? இழவு வீட்டில், பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் அழுகை அடங்குமுன்னே, மீண்டும் காண்போம் என்று விரைந்து சொல்லி நாம் எழுந்து வந்ததில்லையா? செத்தவன் எளிதில் திரும்பலாகாது என்று வழக்காடிய இரசிகர்கள் விசுவாசமற்றோர் அல்லர். சாவை மதிக்கத் தெரிந்தவர்கள். திரும்பவேண்டும் என்று ஏங்கியோரும் பேதையர் அல்லர்; அநீதி நிலைக்கலாகாது என்று விரும்பியவர்கள். இவ்விரண்டையும் ஒருசேரத் தாங்கவல்லது சிலுவையின் தழும்புகளை மறைக்காத உயிர்ப்புச் செய்தி மட்டுமே. அதனை அறிவிக்கப் பொறுப்பேற்றிருக்கும் நாம், கல்லறை வாயிலில் முதலில் சிறிது நேரம் நின்று அழக் கற்றுக்கொள்வோமாக. லாசருவின் கல்லறையருகே ஆண்டவரும் அதனையே முதலில் செய்தார்.