நடுக்கத்திற்குப் பெயரிடுவோர்: குறிஞ்சிப்பாட்டு – ஒரு மறுநோக்கு

காதல் என்பது மூளையில் சுரக்கும் சில வேதிப்பொருள்களின் விளையாட்டேயன்றி வேறில்லை என்னும் கூற்று இன்று எங்கும் எளிதாகச் சொல்லப்படுகிறது. 'எல்லாம் ஹார்மோன் செய்யும் வேலை' என்று படித்தவர் சொல்கின்றனர். 'வயதுக் கோளாறு' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கின்றனர். சொற்கள் வேறாயினும் இரண்டும் ஒரே பணியைச் செய்கின்றன. பிள்ளை வாய் திறந்து பேசுமுன்பே அவை தீர்ப்பை எழுதிவிடுகின்றன. இந்நிலையில் கபிலரின் குறிஞ்சிப்பாட்டை மீண்டும் எடுத்துப் படிப்பது பயன் தரும்.

கபிலர் நம் பகுதிக்கு அயலவர் அல்லர். திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியைப் பாடியவர் அவர். பாரி மறைந்தபின் அவன் மகளை மணமுடித்துக் கொடுத்துவிட்டுக் கபிலர் இங்கே தீப்புகுந்தார் என்று திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. தென்பெண்ணையாற்றில் உள்ள பாறை இன்றும் கபிலர் குன்று என்றே வழங்குகிறது. இத்திருக்கோவலூரும் கல்வராயன் மலையும் 2019ஆம் ஆண்டில் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கியுள்ளன. குறிஞ்சிப்பாட்டு கல்வராயன் மலையைப் பாடியது என்று சொல்லச் சான்று இல்லை. ஆயினும் சாமையும் தினையும் விளையும் அம்மலைச் சரிவுகளை அறிந்தவர்களுக்கு, பாட்டில் வரும் தினைப்புனமும் பரணும் அருவியும் புதியன அல்ல.

உ.வே. சாமிநாதையர் 1889இல் பதிப்பித்த பத்துப்பாட்டுள் ஒன்றான இது 261 அடிகள் கொண்டது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடப்பட்டது என்பது மரபு. நம்மில் பலர் இப்பாட்டை 99 மலர்களின் பட்டியலுக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். அம்மலர்களின் மிகுதியில் கதையின் அமைப்பு மறைந்துபோவதுண்டு.

தலைவி மெலிகிறாள். தாயர்க்குக் காரணம் விளங்கவில்லை. அறிந்தோரைக் கேட்கின்றனர்; பல தெய்வங்களுக்கு மலர் தூவி நறும்புகை காட்டுகின்றனர். அப்போது தோழி செவிலியின் முன் நின்று நடந்ததைச் சொல்லத் தொடங்குகிறாள். பாட்டு முழுவதும் அவள் கூற்றே. இதனை 'அறத்தொடு நிற்றல்' என்பர்.

அவள் சொல்வது இது. தினைப்புனம் காத்து, அருவியாடி, மலர் கொய்து அமர்ந்திருந்த மகளிரை ஒரு வேட்டுவனின் நாய்கள் சூழ்ந்துகொள்கின்றன. மகளிர் நடுங்கி எழுகின்றனர். அவன் வந்து மென்மொழி பேசுகிறான், விடையில்லை. பின்னர்ச் சினங்கொண்ட களிறு ஒன்று பாய்ந்து வருகிறது. மகளிர் அஞ்சி ஓடி அவனருகே ஒதுங்குகின்றனர். அவன் அம்பெய்து களிற்றை விரட்டுகிறான். இவ்வாறு அமையும் கூட்டத்தைக் 'களிறு தரு புணர்ச்சி' என்று நம் இலக்கண மரபு பெயரிட்டது.

அச்சத்துக்கும் ஈர்ப்புக்கும் உள்ள இத்தொடர்பை 1974இல் டட்டன், ஆரன் என்னும் உளவியலாளர் இருவர் கனடாவில் ஆராய்ந்தனர். வான்கூவர் அருகே 230 அடி ஆழத்தின் மேல் ஆடும் கேப்பிலானோ தொங்குபாலத்தைக் கடந்த ஆடவரிடம் ஓர் இளம்பெண் சில வினாக்களைக் கேட்டுத் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தாள். எண்ணைப் பெற்ற 18 பேரில் 9 பேர் பின்னர் அவளை அழைத்தனர். உறுதியான தாழ்ந்த பாலத்தில் எண்ணைப் பெற்ற 16 பேரில் அழைத்தவர் இருவரே. அச்சத்தால் எழுந்த நெஞ்சத் துடிப்பை மனம் ஈர்ப்பு என்று தவறாகப் பெயரிட்டிருக்கலாம் என்பது அவர்கள் கண்ட விளக்கம்.

இதைக் கொண்டு, 'எங்கள் கபிலர் அன்றே சொன்னார்' என்று நாம் மார்தட்டத் தேவையில்லை. கபிலர் ஆய்வு நடத்தியவர் அல்லர். 'அப்படியாயின் தலைவியின் காதல் வெறும் மயக்கமே' என்று கைவிடவும் தேவையில்லை. உடல் ஒரே வகையாகத்தான் நடுங்குகிறது. அந்நடுக்கத்திற்குப் பெயரிடுவது மனம். இங்குதான் கபிலரின் நுட்பம் புலனாகிறது. நோய், தெய்வக் குற்றம், காதல் எனத் தலைவியின் நிலைக்கு மூன்று பெயர்கள் சூட்டப்பட வாய்ப்பிருக்கிறது. முதலிரண்டையும் தாயர் எண்ணுகின்றனர். மூன்றாவதைத் தோழி மெய்ப்பிக்க வருகிறாள்.

எதைக் கொண்டு மெய்ப்பிக்கிறாள் என்பதே கேள்வி. களிற்றை மட்டும் அவள் சான்றாகக் காட்டியிருந்தால், செவிலி, 'அஞ்சிய பெண் அருகில் இருந்தவனைப் பற்றிக்கொண்டாள். அவ்வளவுதானே' என்று மறுத்திருக்கலாம். தோழி மேலும் சொல்கிறாள். விருந்தினர் பலர் உண்டபின் எஞ்சியதை உன்னோடு உண்பதே உயர்ந்த வாழ்வு என்று தலைவன் கூறினான். மலைமேல் உறையும் கடவுளைத் தொழுது, சூளுரைத்து, அருவியின் தெளிந்த நீரைப் பருகினான். ஈர்ப்பு எழுந்த கணத்தை விடுத்து, அதன்பின் கொடுக்கப்பட்ட வாக்கையே தோழி தன் வழக்கின் அடித்தளமாக வைக்கிறாள்.

இதனினும் ஆழமான சான்று பாட்டின் இறுதியில் இருக்கிறது. தலைவன் இரவுதோறும் வருகிறான். காவலர் கடுகினும், நாய் குரைப்பினும், தாய் விழிப்பினும், நிலவு வெளிப்படினும், காணாமல் திரும்புகிறானேயன்றிச் சினப்பதில்லை. தலைவியோ அவன் வரும் வழியின் இடர்களை எண்ணிக் கண்ணீர் விடுகிறாள். புலி, கரடி, பாம்பு, முதலை என நீளும் அவ்வரிசையில் களிறும் இடம்பெறுகிறது. முன்பு அவள் தனக்காக அஞ்சிய விலங்கைக் குறித்து இப்போது அவனுக்காக அஞ்சுகிறாள். அச்சம் மாறவில்லை, அது யாரைக் குறித்தது என்பது மாறிவிட்டது. நடுக்கம் அன்பாக முதிர்ந்ததற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் ஏது?

அறிவியலும் இத்திசையில் நிதானத்தையே கற்பிக்கிறது. 1981இல் நடந்த ஓர் ஆய்வில், உடற்பயிற்சியால் நெஞ்சத் துடிப்பு மிகுந்த ஆடவர், அழகிய பெண்ணைக் கூடுதலாக விரும்பினர். அழகற்றவளாகத் தோன்றியவளை முன்னிலும் குறைவாகவே விரும்பினர். கிளர்ச்சி விருப்பத்தை இல்லாத இடத்தில் படைப்பதில்லை, இருப்பதைப் பெருக்குகிறது. களிற்றுக்கு முன்னரே தலைவனின் மென்மொழியைக் கபிலர் வைத்தது ஈண்டு நோக்கத்தக்கது. துணை பிரியாது வாழும் புல்வெளி எலிகளின் பிணைப்புக்கு ஆக்சிடோசின் என்னும் சுரப்பே இன்றியமையாதது என்று நெடுங்காலம் எண்ணினர். அதனை ஏற்கும் அமைப்பு இல்லாத எலிகளும் துணையோடு பிணைந்தன என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. எலியின் பற்றையே ஒரு சுரப்பினுள் அடக்க இயலாதபோது, மனிதனின் வாக்கை எவ்வாறு அடக்குவது?

பாட்டில் ஒரு குறையும் உண்டு. பேசுகின்றவள் தோழி, தலைவியின் சொற்களையும் நாம் அவள் வாயிலாகவே கேட்கிறோம். வழக்காடுபவர் தம் பக்கத்தை அழகுபடுத்துவது இயல்பு. இக்குறையைக் கண்டும் காணாததுபோல் போற்றுவது திறனாய்வு ஆகாது. எனினும் ஒரு பெண்ணின் விருப்பம் சான்றுகளோடு எடுத்துரைக்கப்பட வேண்டியது என்று கபிலர் கருதினாரே, அது சிறிதன்று.

திருச்சபைச் சட்டமும் மணமக்களின் இசைவே திருமணத்தை உருவாக்குகிறது என்கிறது. பிறர் வலுக்கட்டாயத்தாலும் பேரச்சத்தாலும் பெற்ற இசைவு செல்லாது என்கிறது. களிற்றின் முன் நடுங்கியது இசைவாகாது என்று தோழியும் உணர்ந்திருந்தாள் போலும்; அதனாலன்றோ அவள் சூளுரையைத் தேடிச் செல்கிறாள்.

நம் இல்லங்களில் மகளோ மகனோ தம் விருப்பத்தைச் சொல்லும்போது, வயதுக் கோளாறு என்றோ குடும்பப் பழி என்றோ உடனே பெயரிட்டுவிடுகிறோம். சில வேளைகளில் அப்பெயர் உயிரையும் பறிக்கிறது என்பதை நாளேடுகள் சொல்கின்றன. ஈர்ப்பெல்லாம் அன்பல்ல என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் கடமை நமக்கு உண்டு. அதைச் சொல்லுமுன், அவன் என்ன வாக்குக் கொடுத்தான், கிடைக்காதபோது சினந்தானா, நீ யாருக்காக அஞ்சுகிறாய் என்று கேட்கலாம். இவ்வினாக்களுக்கு விடை சொல்லிய தோழியைக் கபிலர் 261 அடிகள் பேசவிட்டார். செவிலி ஓரிடத்திலும் குறுக்கிடவில்லை.