கண்மட்டத்தில் தெரியாதது

கோபன்ஹேகன் போய்வந்தவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளில் தவறாமல் ஒரு வரி வந்துவிடும்: சைக்கிள் அவர்கள் ரத்தத்தில் ஊறியது. அதற்கடுத்த வரி இன்னும் நிச்சயம்: நம்மாளுங்களுக்கு இதெல்லாம் வராது. போன கோடையில் ஐந்து நாள் விடுப்பு போட்டுவிட்டு அந்த ஊரை வாடகை சைக்கிளில் சுற்றினேன். பையில் டேனிஷ் கட்டடக் கலைஞர் யான் கெல் எழுதிய 'சிட்டீஸ் ஃபார் பீப்பிள்' (2010) இருந்தது. பகலில் ஊர், ராத்திரியில் புத்தகம் என்று மாற்றி மாற்றிப் படித்ததில் ஒன்று தோன்றியது. கோபன்ஹேகனுக்குச் சொல்லப்படும் விளக்கங்களிலேயே மோசமானது 'கலாச்சாரம்'. கெல் அந்த விளக்கத்தைப் பாதிவரை உடைக்கிறார். மீதிப் பாதி அவர் கையிலிருந்தும் நழுவிவிடுகிறது.

கெல்லின் வாதம் எளிமையானது. மனிதன் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிற பிராணி. அவன் கண் நேராகவும் கொஞ்சம் கீழாகவும் பார்க்கப் பழகியது. மேலே அண்ணாந்து பார்ப்பது குறைவு. ஆகவே நகரத்தின் தரம் விமானத்திலிருந்து தெரியும் வடிவத்தில் இல்லை, கண்மட்டத்தில் இருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கட்டிய தெருவில் பெரிய போர்டுகளும் மொட்டைச் சுவர்களும் போதும். 5 கிலோமீட்டர் தெருவுக்குக் கதவு, ஜன்னல், திண்ணை, உட்கார ஒரு விளிம்பு எல்லாம் வேண்டும். நவீனத்துவக் கட்டடக் கலை படித்து வெளியே வந்தவரை, "நீங்கள் ஏன் மனிதர்களைப் பற்றி யோசிப்பதே இல்லை?" என்ற கேள்விதான் திருப்பிவிட்டது. அவர் மனைவி இங்க்ரிட் உளவியல் படித்தவர்.

சைக்கிள் இந்த இரண்டு வேகங்களுக்கும் நடுவில் ஓடுகிறது. நோரெப்ரோகேட் சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்துக்கொண்டால் நெரிசல் நேரத்தில் பச்சை விளக்குகள் வரிசையாகக் கிடைக்கும்படி சிக்னல்களை அமைத்திருக்கிறார்கள். பெரும்பாலான முக்கியச் சாலைகளில் சைக்கிள் பாதை, நடைபாதைக்கும் கார்களுக்கும் நடுவே, சாலையைவிடச் சற்று உயரத்தில் போகிறது. நிற்கப்போகிறாய் என்றால் கையை உயர்த்தணும். இடதுபுறம் திரும்ப, முதலில் நேரே கடந்து எதிர்முனையில் நின்று, அங்குள்ள சிக்னலுக்குக் காத்திருக்கணும். அதாவது, ஊருக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. பிழையாகப் பேசினால் பின்னாலிருந்து மணி அடிப்பார்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள் பட்டியலில் முதலில் இருப்பது கடற்கன்னி சிலை. 1913இல் வைத்தது, உயரம் 1.25 மீட்டர். அதைவிட அதை மறைத்து நிற்கும் கூட்டம் உயரம். அந்தப் பட்டியலைத் தூரப் போட்டுவிட்டு, காலை எட்டு மணிக்கு அரசி லூயிஸ் பாலத்தில் போய் நில்லுங்கள். ஒரு நாளைக்கு 40,000 சைக்கிள்களுக்குச் சற்று முன்பின் கடக்கும் பாலம் அது. 2014இல் திறந்த 'சைக்கிள் பாம்பு' இன்னொன்று: துறைமுகத் தண்ணீர்மேல் வளைந்து போகும் ஆரஞ்சு நிறப் பாதை. அது வருவதற்கு முன் அங்கே சைக்கிளைப் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். நிஹாவ்னிலிருந்து அக்கரைக்குப் போகும் பாலமும் உண்டு. இரண்டு பாதிகள் நகர்ந்து வந்து நடுவில் பொருந்தவேண்டும், பொருந்தவில்லை. 2013இல் முடியவேண்டியது 2016இல் திறந்தது. மூன்று வருடம் ரிலீஸ் தள்ளிப்போன ப்ராஜெக்ட் என்று கேட்டதும் அந்தப் பாலத்தின்மேல் எனக்குத் தனிப் பிரியம் வந்துவிட்டது.

இவை எதுவுமே ரத்தத்திலிருந்து வரவில்லை. 1950களிலும் 60களிலும் கோபன்ஹேகனும் மற்ற ஊர்கள் மாதிரி காருக்கு இடம் கொடுத்த ஊர்தான். சைக்கிள்கள் குறைந்துகொண்டே போயின. நகர ஏரிகளை ஒட்டி அகலமான விரைவுச்சாலை போடும் திட்டமே இருந்தது. 1962இல் ஸ்ட்ரோயெட் தெருவில் கார்களை நிறுத்தியபோது, "நாம டேனிஷ்காரங்க, இத்தாலிக்காரங்க இல்ல; தெருவில் உலாத்துவது நம்ம வழக்கம் இல்ல" என்று எதிர்த்தார்கள். கெல் இதை விரும்பிச் சொல்வார். பிறகு 1973இன் எண்ணெய் நெருக்கடி, கார் ஓடாத ஞாயிறுகள், நகரமன்றச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோரின் சைக்கிள் ஆர்ப்பாட்டங்கள், சைக்கிள் ஓட்டிகள் அடிபட்டுச் செத்த இடங்களில் தார்ச்சாலைமேல் வரைந்த வெள்ளைச் சிலுவைகள். ஒரு காலத்தில் 180 சதவீதம் வரை எட்டிய கார் பதிவு வரி வேறு. எங்கள் தொழிலில் சொன்னால், சுற்றுலாப் பயணி பார்ப்பது கடைசி வெர்ஷனை. கமிட் ஹிஸ்டரி முழுக்கச் சண்டை. அங்கே வேலை பார்க்கும் நண்பன் சொன்னான்: "இங்க எவனும் பூமியக் காப்பாத்த ஓட்டல மச்சி. சீக்கிரம் போய்ச் சேரலாம், அவ்ளோதான்."

இதுவரை கெல் கூடவே வருகிறார். கலாச்சாரம் தெருவை உண்டாக்கவில்லை, தெருதான் பழக்கத்தை உண்டாக்கியது என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி கிடையாது. நோரெப்ரோவில் சூப்பர்கீலன் பூங்காவுக்குள் சைக்கிளைத் திருப்பியபோதுதான் புத்தகம் போதாமல் போனது.

2012இல் திறந்த நீளமான பூங்கா அது. அந்த வட்டாரத்தில் வாழும் 50க்கும் மேற்பட்ட தேசத்தவர்களை நினைத்து, அவர்கள் ஊர்ப் பொருட்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்: மொராக்கோ நீரூற்று, ஜப்பானிய ஆக்டோபஸ் சறுக்குமரம், தாய்லாந்து குத்துச்சண்டை மேடை, பாலஸ்தீன மண். ஆகா கான் கட்டடக் கலை விருது பெற்றது. எல்லாரும் படம் எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். பூங்காவை ஒட்டியே செங்கல் குடியிருப்பு ஒன்று நிற்கிறது, பெயர் ம்யோல்னர்பார்க்கன். அதை யாரும் படம் எடுக்கவில்லை.

டென்மார்க் அரசு 2010இலிருந்து ஆண்டுதோறும் 'கெட்டோ' பட்டியல் ஒன்று வெளியிட்டது. வேலை, வருமானம், கல்வி, குற்றப்பதிவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். 2018 சட்டப்படி, இவற்றில் இரண்டில் ஒரு வட்டாரம் பின்தங்கியிருந்தாலும் அதைக் கெட்டோ ஆக்குவது இன்னொரு கணக்கு: குடியிருப்போரில் பாதிக்கு மேல் 'மேற்கத்தியரல்லாத' பூர்வீகம் கொண்டவர்களா என்பது. தொடர்ந்து பட்டியலில் இருந்தால் பொது வாடகைக் குடும்ப வீடுகளை 2030க்குள் 40 சதவீதமாகக் குறைக்கவேண்டும். ம்யோல்னர்பார்க்கன் அப்படி மாட்டியது. சில கட்டடங்கள் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. குடியிருந்தவர்கள் தொடுத்த வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போனது. 2021இல் 'கெட்டோ' என்ற சொல்லை மாற்றி 'இணைச் சமூகம்' ஆக்கினார்கள். கணக்கு மாறவில்லை.

1962இல் தெருவில் உலாத்துவதற்கு எதிராக வந்த அதே கலாச்சாரம், 2018இல் சட்டப் பிரிவாகவே வந்து நிற்கிறது. மொராக்கோவின் நீரூற்றுக்கு இடம் உண்டு, மொராக்கோக் குடும்பத்தின் வாடகை ஒப்பந்தம்தான் பிரச்சினை.

கெல் வீட்டுவசதி அமைச்சர் இல்லை; இந்தச் சட்டத்துக்கு அவரைப் பொறுப்பாக்குவது அபத்தம். ஆனால் பொது இடத்தை மதிப்பிட அவர் தரும் 12 அளவுகோல்களைச் சூப்பர்கீலன்மேல் வைத்துப் பாருங்கள். நடக்கலாமா, நிற்கலாமா, உட்காரலாமா, பேசலாமா, விளையாடலாமா? எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். அந்த பெஞ்சில் உட்காருகிறவர் அடுத்த வருஷமும் அந்த வட்டாரத்தில் இருப்பாரா என்று கேட்கிற அளவுகோல் மட்டும் இல்லை. கண்மட்டம் இருப்பதைப் பார்க்கும். போனவர்கள் கண்மட்டத்தில் தெரியமாட்டார்கள்.

அதற்காகக் கெல்லைத் தூக்கிப் போடவேண்டியதில்லை. அவரைப் படிக்காமல் போயிருந்தால் அந்தப் பூங்காவின் அழகே எனக்குப் பாதி புரிந்திருக்காது. அவரிடம் நடக்கக் கற்றுக்கொண்டு, அவர் நிறுத்திய இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் நடக்கணும். கோபன்ஹேகன் போகிறவர்கள் சைக்கிளிலேயே சுற்றுங்கள், அந்த ஊரைப் பார்க்க வேறு நல்ல வழி இல்லை. சூப்பர்கீலனில் படம் எடுத்து முடித்ததும் பக்கத்துக் குடியிருப்பு வழியாகவும் ஒரு சுற்று மெதுவாக வாருங்கள். அங்கே மணிக்கு 5 கிலோமீட்டர் போதும்.