பாட்டு எங்கே நின்று பாடுகிறது?

விஸ்காம் மாணவர்களின் மியூசிக் வீடியோ என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஷாட் லிஸ்ட் எழுதிவிடலாம். கபாலீஸ்வரர் கோயில் குளத்துப் படிக்கட்டு, பூக்கடை, டபராவில் ஆற்றும் காபி, பெசன்ட் நகர் ஷ்மிட் நினைவிடம், கடைசியில் அடையாறு முகத்துவாரத்தின் உடைந்த பாலம். முக்கால்வாசி ஸ்லோமோஷன். குழுவில் அஞ்சு பேர்: ஒருத்தர் கேமரா, ஒருத்தர் எடிட், ஒருத்தர் 'டைரக்‌ஷன்', மிச்ச ரெண்டு பேர் ரிஃப்ளெக்டர் பிடிப்பார்கள். பாடியது யாருப்பா என்றால், "ஃப்ரெண்டோட கசின்ணா" என்று பதில் வரும். நானும் ரிஃப்ளெக்டர் பிடித்து வந்தவன்தான்.

இந்த வீடியோக்களில் ஒளிப்பதிவு மோசமில்லை. பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, 50 ஃப்ரேமில் எடுத்து, எடிட்டில் 25க்கு இறக்கினால் உதடு பாட்டோடு பொருந்தும், உடம்பு மட்டும் மிதக்கும். இந்த வித்தை இரண்டாம் வருஷத்திலேயே எல்லாருக்கும் அத்துப்படி. ஆனால் மிதக்கிற உடம்புக்கு இடம் எதற்கு? குளத்துக்குப் பதில் மாலின் எஸ்கலேட்டரை வைத்தாலும் பாட்டில் ஒன்றும் மாறாது.

இங்கேதான் 2017 ஜனவரியில் வந்த 'சென்னை புறம்போக்கு பாடல்' எனக்கு முக்கியமாகிறது. கபேர் வாசுகி எழுத, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் மெட்டமைக்க, டி.எம். கிருஷ்ணா பாடினார். இயக்கம் ரதீந்திரன் ஆர். பிரசாத். மாணவர்கள் 'அழகான ஃப்ரேம்' தேடி மயிலாப்பூருக்கு வருகிறார்கள். மயிலாப்பூர் சபாக்கள் கேட்டுப் பழகிய குரலோ எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போய் நிற்கிறது. பின்னால் அனல்மின் நிலையம். எல்லாருக்கும் பொதுவான நிலம் எப்படி வசவுச் சொல்லாகத் தேய்ந்தது என்று ராகமாலிகையில் சென்னைத் தமிழ் கேட்கிறது. அந்த இடத்தை எடுத்துவிட்டால் பாட்டு பாதியாகிவிடும்.

பிரச்சாரப் பாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. இருக்கட்டும். அதே இயக்குநர் 2015இல் எடுத்த 'கொடைக்கானல் வோன்ட்' இன்னும் நேரடியானது. நிக்கி மினாஜின் மெட்டில் சோஃபியா அஷ்ரஃப் தன் வரிகளைப் போட்டு, பாதரசத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காக யூனிலீவரைக் கேள்வி கேட்டார். மறு வருஷம் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது. ஒரு பாட்டால் மட்டும் நடந்ததில்லை. அதற்கு முன்னால் பதினைந்து வருஷப் போராட்டம் இருந்தது. ஆனால் இரவல் மெட்டிலும் சொந்தப் பேச்சு பேசலாம் என்பதற்கு அது சாட்சி. "ஒரிஜினல் ட்யூன் கிடைக்கலைண்ணா" என்கிற சாக்கு இனிமேல் செல்லாது.

சமீபத்தில் ஒரு மாணவர் குழுவின் ரஃப் கட் பார்த்தேன். பாட்டை எழுதிப் பாடிய பெண்ணின் அம்மா தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறவர். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தது. பாட்டு சட்டம் பேசவில்லை, கால் வலியைப் பேசுகிறது. முதல் பாதியில் வழக்கமான பாண்டி பஜார் விளக்குகள், பீட்டுக்குப் பீட் கட். பிறகு மாம்பலம் ஸ்டேஷன் பெஞ்ச், போனில் எடுத்தது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை அமுக்கிக்கொள்கிறார். பக்கத்தில் மகள் பாடுகிறாள். நடுவில் ஒரு மின்ரயில் வந்து பாட்டை விழுங்குகிறது, அவள் நிறுத்தவில்லை. அம்மா கேமராவைப் பார்க்கவே இல்லை. 40 செகண்ட், ஒரே ஷாட்.

வரிகள் எனக்குக் காதில் விழுந்தது அங்கேதான். அதுவரை பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

எடிட் செய்த பையன் கெட்டிக்காரன். "கட்டே இல்லாம இவ்ளோ நேரம் வெச்சா ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிருவாங்கண்ணா" என்றான். பாடியவள், "எங்கம்மா நாள் முழுக்க நிக்கிறாங்கடா, இவங்களால 40 செகண்ட் பாக்க முடியாதா?" என்று கேட்டாள். ஓட்டெடுப்பு நடந்தது. மூன்றுக்கு இரண்டு.

மார்க்குக்குக் கொடுத்த வெர்ஷனில் அந்த ஷாட் 11 செகண்ட். ரயில் இல்லை.