நிழலும் உருண்டையும்
புவியின் இயக்கத்தைச் சிறார்க்குக் கற்பித்தல் பற்றிய ஒரு விமர்சனம்

பகலும் இரவும் ஏன் உண்டாகின்றன என்று வினவினால், எமது பாடசாலைகளின் இடைநிலை வகுப்பு மாணவர் பெரும்பாலும் தயக்கமின்றி விடை கூறுவர். பூமி தன்னைத் தானே சுற்றுவதால் என்பர். விடை சரியானது, புள்ளியும் கிடைக்கும். அதே மாணவரிடம், உன் வீட்டு முற்றத்திலிருந்து பார்க்கும்போது மார்கழியில் சூரியன் எந்த மரத்துக்கு நேரே உதிக்கின்றது, ஆனியில் எந்த மரத்துக்கு நேரே உதிக்கின்றது என்று கேட்டால் விழிப்பர். சூரியன் கிழக்கே உதிக்கும் என்ற வாய்பாட்டுக்கு அப்பால் அவர்கள் அதனை நோக்கியதில்லை. யாழ்ப்பாணத்தில் உதயப் புள்ளி ஆண்டொன்றில் தொடுவானத்தில் ஏறத்தாழ 48 பாகை நகர்கின்றது. நீட்டிய கையின் முட்டியை அடுக்கி அளந்தால் ஐந்து முட்டி அகலம். இத்துணைப் பெரிய நகர்வு கண்ணெதிரே நிகழ்ந்தும் காணப்படாது போகின்றது. காணாத ஒன்றை உறுதியாகச் சொல்லவும், நாள்தோறும் நிகழ்வதைக் காணாதிருக்கவும் ஒருங்கே பழக்கும் ஒரு கற்பித்தலை விஞ்ஞானக் கற்பித்தல் எனலாமா? இவ்வினாவை முன்வைத்தே, ஆக்கச் செயற்பாடு என்ற பெயரில் வகுப்பறைகளில் நிகழ்வனவற்றை இங்கு நோக்க முற்படுகின்றேன்.

1997ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தங்களின் பின்னர் செயற்பாடு, செயற்றிட்டம், ஒப்படை ஆகிய சொற்கள் எமது ஆசிரியரின் அன்றாட வழக்காகிவிட்டன. ஞாயிற்றுத் தொகுதி என்றால் ரெஜிபோம் உருண்டைகள், கம்பி, வர்ணம், கறுப்புக் கடதாசி. எந்தக் கண்காட்சிக்குச் சென்றாலும் இதனைக் காணலாம். உருண்டைகள் அழகானவை, பெற்றோரின் கைவண்ணமும் பணப்பையின் கனமும் அவற்றிலே தெரியும். கடையில் ஆயத்தமாக வாங்கியதும் உண்டு. ஆனால் அவ்வுருண்டைகளை ஆக்கியதனாற் பிள்ளை புதிதாகக் கண்டறிந்தது யாது? விடை முன்னரே பாடநூலில் இருக்கின்றது. பிள்ளை அதற்கு வர்ணம் தீட்டியுள்ளது. இதனை ஆக்கம் என்பதைவிட அலங்காரம் என்பதே பொருந்தும்.

விடையும் முழுமையாகச் சரியானதன்று. சூரியனின் விட்டம் பூமியின் விட்டத்தைப் போல 109 மடங்கு. பூமியை ஒரு சென்ரிமீற்றர் விட்டமுள்ள மணியாகக் கொண்டால் சூரியன் ஒரு மீற்றரை விஞ்சிய உருண்டையாகும். அவ்விரண்டுக்கும் இடையிலான தூரம் ஏறக்குறைய 117 மீற்றர். அஃதாவது, சூரியனைப் பாடசாலை வாயிலில் வைத்தால் பூமியை விளையாட்டு மைதானத்தின் மறுகோடியிற் கொண்டுபோய் வைக்க வேண்டும். மேசையொன்றில் இதனை அடக்க முயன்ற கணமே அளவுகள் யாவும் பொய்யாகின்றன. அந்தப் பொய்யைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, ஏன் சொல்ல நேர்ந்தது என்பதையும் விளக்கும் ஆசிரியர் மாதிரியைக் கொண்டு நன்கு கற்பிக்கின்றார். சொல்லாது விடுபவர் மாதிரியையே உண்மையாக்கிவிடுகின்றார். ஒரு மணியையும் ஒரு பெரிய பலூனையும் எடுத்துக்கொண்டு வகுப்பு முழுவதும் மைதானத்துக்குச் சென்று 117 மீற்றரைக் காலடியால் அளந்துவருவதற்கு ஒரு ரூபாவும் வேண்டியதில்லை. எனினும் கண்காட்சி மேசையில் அதற்கு இடமில்லை. ஆகவே அது ஒப்படையாக மதிக்கப்படுவதுமில்லை.

மாதிரிகளே வேண்டா என்பது என் கருத்தன்று. இருண்ட அறையில் ஒரு விளக்கையும் ஒரு தோடம்பழத்தையும் கொண்டு பகல் இரவை விளக்குதல் பழைய முறை, நல்ல முறையுங்கூட. ஆனால் அம்முறை எதனை எதிர்கொள்கின்றது என்பதை ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். ஸ்டெல்லா வொஸ்னியாடூ, வில்லியம் புறூவர் ஆகிய இருவரும் அமெரிக்கச் சிறுவர் 60 பேரை வினவி 1992இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்புமுனை. பூமி உருண்டை என்று வாயாற் கூறிய பிள்ளைகள் பலரும் உள்ளத்திலே வேறு பூமிகளை வைத்திருந்தனர் என அவர்கள் கண்டனர். சிலருக்குப் பூமி இரண்டு: நாம் வாழும் தட்டையான பூமி ஒன்று, வானத்தில் மிதக்கும் உருண்டைப் பூமி மற்றொன்று. வேறு சிலர் உருண்டையின் உள்ளே, அடியிலுள்ள தட்டையான தளத்தில் மனிதரைக் குடியேற்றினர். பிள்ளை ஆசிரியரின் வார்த்தையை மறுக்கவில்லை. தன் கண்ணையும் மறுக்கவில்லை. இரண்டையும் இணக்கித் தனக்கென ஓர் உலகைச் சமைத்துக்கொண்டது. உண்மையான ஆக்கம் இதுவே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இம்முடிவுகளைப் பின்வந்த ஆய்வாளர் சிலர் ஐயுற்றனர் என்பதையும் சொல்லவேண்டும். பிள்ளையைப் படம் வரையச் சொல்லித் துருவித் துருவிக் கேட்கும் முறையே இத்தகைய விசித்திர உலகங்களைத் தோற்றுவிக்கின்றது எனவும், ஆயத்த மாதிரிகளைக் கொடுத்துத் தெரியச் சொன்னால் அதே வயதுப் பிள்ளைகள் மேலும் சரியாக விடையளிக்கின்றனர் எனவும் அவர்கள் வாதித்தனர். வாதம் முடிந்தபாடில்லை. எமது நோக்குக்கு இருபக்கமும் ஒன்றையே உணர்த்துகின்றன: வினாவின் வடிவம் விடையின் வடிவத்தை நிர்ணயிக்கின்றது. தெரிவு வினாவில் முழுப்புள்ளி பெறும் மாணவரின் உள்ளத்தில் எந்தப் பூமி சுழல்கின்றது என்பதை எமது பரீட்சைகள் கேட்பதேயில்லை.

பருவங்களின் காரணம் பற்றிய குழப்பம் இதனினும் ஆழமானது. 1987இல் ஹார்வாட் பல்கலைக்கழகத்துப் பட்டமளிப்பு விழாவிலே பட்டதாரிகளும் ஆசிரியர்களுமாக 23 பேரிடம் பருவங்கள் பற்றியும் சந்திரனின் பிறைகள் பற்றியும் வினவியபோது 21 பேர் பிழையாக விடையிறுத்த காட்சி ஒரு விவரணப் படத்திற் பதிவாகியுள்ளது. கோடையிற் பூமி சூரியனுக்கு அண்மையில் வருகின்றது என்பதே அவர்களிற் பலரின் விளக்கம். இத்தவறுக்குப் பாடநூற் படமும் பொறுப்பாளி. பூமியின் ஒழுக்கைச் சரிவாக நோக்கி வரையும் படத்தில் ஏறத்தாழ வட்டமானது நீண்ட முட்டைபோல் ஆகிவிடுகின்றது. உண்மையிற் சூரியனிலிருந்து பூமியின் தூரம் சனவரி முற்பகுதியில் 147 மில்லியன் கிலோமீற்றர், யூலை முற்பகுதியில் 152 மில்லியன் கிலோமீற்றர். வேறுபாடு நூற்றுக்கு மூன்றரைக்கும் குறைவு. அதுவும் வடகோளத்தார் குளிரில் நடுங்கும் காலத்திலேயே பூமி அண்மித்து நிற்கின்றது.

இனித் தமிழ்மொழிக்கே உரிய ஒரு பிரச்சினைக்கு வருவோம். பகல் இரவுக்குக் காரணம் பூமி சூரியனைச் சுற்றுவதே என்று எழுதும் மாணவரைச் சோம்பேறி என்று கடிவதற்கு முன்னர், அவருடைய மொழியைச் சற்றுக் கவனித்தல் நன்று. பம்பரம் சுற்றுகின்றது, நாம் கோயிலைச் சுற்றுகின்றோம், தலை சுற்றுகின்றது, ஊர் சுற்றித் திரிகின்றான். வழக்குத் தமிழில் ஒரே சொல் இரு இயக்கங்களையும் தாங்குகின்றது. பாடநூலோ சுழற்சி என்றும் சுற்றுகை என்றும் இரு கலைச்சொற்களை வகுத்து, வேறுபாட்டை வரைவிலக்கணத்தால் நிறுவ முயல்கின்றது. வரைவிலக்கணம் மனனமாகின்றது, பொருள் பழைய சொல்லுக்குள்ளேயே கிடக்கின்றது. கலைச்சொல்லாக்கம் பற்றி இத்தனை விவாதித்த நாம், பிள்ளையின் வாயிலுள்ள சொல்லிலிருந்து கலைச்சொல்லுக்குப் பாலம் அமைப்பது பற்றிப் போதிய அளவு சிந்திக்கவில்லை என்றே கூறவேண்டும்.

பாலம் வெகு தூரத்தில் இல்லை. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீதியிலே பிரதட்டை செய்யும் அடியாரைக் காணாத யாழ்ப்பாணப் பிள்ளை அரிது. அவர் தம் உடலை உருட்டுகின்றார். உருண்டவாறே கோயிலையும் வலம் வருகின்றார். இரு இயக்கமும் ஓருடலில் ஒரே வேளையில் நிகழ்கின்றன. பல முறை உருண்ட பின்னரே ஒரு வீதி முடிகின்றது. அவ்வாறே ஏறத்தாழ 365 முறை சுழன்ற பின்னரே ஓர் ஆண்டு முடிகின்றது. எந்த ரெஜிபோம் உருண்டையினும் இவ்வொப்புமை தெளிவானது என்பேன். ஆனால் ஒப்புமை முறியும் இடத்தையும் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் செய்தல் வேண்டும். வீதி மூலையில் அடியாரின் உடல் திசை மாறுகின்றது. பூமியின் அச்சோ ஆண்டு முழுவதும் ஒரே திசையை நோக்கி 23.4 பாகை சரிந்து நிற்கின்றது. இந்தத் திசைமாறாமையை விட்டுவிட்டாற் பருவங்களுக்கு விளக்கமே இல்லை. வகுப்பறையில் விளக்கைச் சுற்றிப் பந்துடன் நடக்கும் மாணவர், பந்தின் தலைப்பை எப்போதும் விளக்கை நோக்கியே சரித்துக்கொண்டு நடப்பது நான் பலமுறை கண்டது. வடக்குச் சுவரில் ஒரு குறியிட்டு, எங்கே நின்றாலும் பந்தின் தலைப்பு அக்குறியின் பக்கமே சரிந்திருக்கட்டும் என்று சொன்னாற் போதும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னே நிற்கவேண்டியது ஒரு கோல். மீற்றர் உயரமுள்ள நேரிய கோலொன்றைத் திறந்த முற்றத்தில் நிலைக்குத்தாக நாட்டி, அதன் மிகக் குறுகிய நிழலை வாரத்துக்கொருமுறை குறித்துவருவதே நான் முன்மொழியும் செயற்றிட்டம். இது புதியதன்று. நண்பகல் நிழலைக் கொண்டு திசை துணிந்து அரண்மனை வகுத்த செய்தி நெடுநல்வாடையில் உண்டு. யாழ்ப்பாணத்தில் மார்கழியின் கதிர்த்திருப்ப நாளன்று அக்கோலின் நிழல் வடக்கே 65 சென்ரிமீற்றர் நீளும். ஏப்பிரல் நடுப்பகுதியில், புத்தாண்டை ஒட்டிய நாள்களில், நிழல் கோலின் அடியில் ஒடுங்கிவிடும். பின்னர் நிழல் தெற்கே விழத் தொடங்கி, யூன் 21 அளவில் 24 சென்ரிமீற்றரை எட்டி, ஓகஸ்ற் இறுதியில் மீண்டும் அடியில் ஒடுங்கும். நிழல் பக்கம் மாறுதல் என்ற இந்த அற்புதத்தை இலண்டனிலோ நியூயோர்க்கிலோ வாழும் பிள்ளை தன் முற்றத்தில் ஒருபோதும் காணமுடியாது. அயனமண்டலத்துப் பிள்ளைக்கு இயற்கை அளித்த இந்தச் சிறப்பைப் புறக்கணித்துவிட்டு, நாம் பனிமனிதனும் இலையுதிர்ந்த மரமும் வரைந்த நான்கு பருவப் படத்தைப் பிரதிசெய்து கொண்டிருக்கின்றோம். மாரி என்ற சொல் அப்படத்திற் பனிக்காலத்தைக் குறிக்கின்றது. எமது பிள்ளைக்கோ மாரி மழை. வாடையும் சோளகமும் ஞாயிற்றின் வடதென் செலவோடு தொடர்புடையன என்பதே இங்கு கற்பிக்கப்படவேண்டியது.

கோலைப் பார்க்கும் பிள்ளை விரைவிலே கடிகாரத்தோடு முரண்படும். மிகக் குறுகிய நிழல் பன்னிரண்டு மணிக்கு விழுவதில்லை; பெப்ரவரியில் 12.24 அளவிலும் நவம்பர் முற்பகுதியில் 11.54 அளவிலும் விழும். 1996இல் அரசு கடிகாரத்தை முன்னே தள்ளியதும் 2006இல் மீண்டும் பழைய நேரத்துக்குத் திரும்பியதும் நினைவிலிருந்தால், கடிகார நேரம் மனிதர் செய்த ஏற்பாடு என்பது விளங்கும். உத்தராயணம் தைப்பொங்கலன்று தொடங்குகின்றது என்ற வழக்கும் கோலின் முன் நிற்காது. நிழல் மார்கழி முதல் வாரத்திலேயே குறுகத் தொடங்கிவிடும். இடைப்பட்ட ஏறத்தாழ 24 நாள் பூமியின் அச்சு நூற்றாண்டுகளாக மெல்லத் திரும்பியதன் விளைவு. அதனை விளக்க ஆசிரியரே சற்றுப் படிக்க நேரிடும், அதில் இழுக்கில்லை.

இங்கு ஒரு நேர்மையான மறுப்பு எழும். நிழற்கோல் பூமி இயங்குகின்றது என்பதை நிறுவுமா? நிறுவாது. சூரியன் பூமியைச் சுற்றுகின்றது என்று கொண்டாலும் அதே நிழல்கள் அவ்வாறே விழும். எமது வரலாற்றிலேயே இதற்குச் சான்றுண்டு. வட்டுக்கோட்டைச் செமினரியில் டானியல் பூவர் மேனாட்டு வானியலைக் கற்பித்த காலத்தில், 1829ஆம் ஆண்டுச் சந்திரகிரகணத்தை முன்னிட்டு அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்புக்கும் செமினரியின் கணிப்புக்கும் வேறுபாடு எழுந்தது. வானத்தை நோக்கியே இரண்டும் ஒப்பிடப்பட்டன. சாஸ்திரியாரின் கணிப்புச் சற்றுப் பிசகியிருக்கலாம். ஆனால் பூமியை நடுவில் வைத்த ஒரு முறைமை கிரகணத்தை முன்னறிவிக்க வல்லதாயிருந்தது என்பதே இங்கு கருதத்தக்கது. கணிப்புப் பலித்தமையால் மட்டும் பூமி இயங்கிவிடவில்லை. ஆரியபட்டர் கி.பி. 499இல் பூமியின் சுழற்சியைக் கூறினார். அவருக்குப் பின்வந்த இந்திய வானியலார் பலர் அதனை ஏற்கவில்லை. விண்மீன்களின் தோற்ற இடப்பெயர்ச்சியை பிறட்லி 1728இல் விளக்கிய பின்னரும், விண்மீனொன்றின் இடமாறு தோற்றத்தை பெசல் 1838இல் அளந்த பின்னரும், பூக்கோ 1851இல் பாரிசில் ஊசலைத் தொங்கவிட்ட பின்னருமே நேரிய சான்றுகள் கைக்கு வந்தன. அவ்வூசலும் எமக்கு அவ்வளவு உதவாது. பாரிசில் அதன் தளம் ஒருமுறை திரும்ப ஏறக்குறைய 32 மணித்தியாலம். யாழ்ப்பாணத்தில் அதற்கு ஆறு நாள் வேண்டும்.

ஆதலின் சூரியன் நகர்கின்றது என்று சொல்லும் ஐந்து வயதுப் பிள்ளை மூடப்பிள்ளையன்று. மனித குலம் பல நூற்றாண்டுகள் நின்ற இடத்தில் நியாயத்தோடு நிற்கின்றது. அப்பிள்ளையை அங்கிருந்து பெயர்க்க ஆசிரியரின் அதிகாரமே போதும் என்று கருதினால், சென்ற தலைமுறை சாத்திரத்தை நம்பியது போல இத்தலைமுறை பாடநூலை நம்பும். நோக்கலை முதலிலும் மாதிரியைப் பின்னரும் வைத்தால், மாதிரி ஒரு வினாவுக்கு விடையாக வரும்: நிழல் ஏன் பக்கம் மாறியது? விளக்கையும் பந்தையும் எடுத்துப் பார்ப்போம். பந்தின் நடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே ஒரு குண்டூசியைக் குத்தினால் நிழல் இருபுறமும் விழுவதைப் பிள்ளை தானே காணும்.

நடைமுறையில் இடர்கள் உள. ஆண்டு முழுதும் நீளும் ஒப்படையை ஒருநாட் கண்காட்சிக்குப் பழகிய மதிப்பீட்டு முறை எவ்வாறு அளவிடும்? தவணை விடுமுறையில் யார் நிழலைக் குறிப்பது? ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் வெயில் வராது. அட்டவணையில் வெற்றிடங்கள் தோன்றும். அயலவனின் எண்ணைப் பார்த்து நிரப்பிய நேர்த்தியான அட்டவணைக்கு முழுப்புள்ளியும், மேகம் என்று எழுதி வெறுமையாக விட்ட அட்டவணைக்குக் குறைந்த புள்ளியும் வழங்கும் ஆசிரியர்களை நாம் அறிவோம். அவர்களிற் பலர் எமது பல்கலைக்கழகங்களிலிருந்தும் கல்வியியற் கல்லூரிகளிலிருந்தும் சென்றவர்களே. இச்சஞ்சிகையை இன்று வாசிக்கும் மாணவரிற் சிலரும் விரைவில் அவ்வட்டவணைகளுக்குப் புள்ளியிடப் போகின்றவர்கள்.