பதவியும் கொள்கையும்: இலங்கை காட்டும் பாடம்

தேர்தல் என்பது மக்கள் தம் தலைவரை எடைபோடும் தராசு. மொழிப்பற்றையும் இனப்பற்றையும் அத்தராசில் இட்டு, அதனைத் தன் பக்கம் சாய்க்கும் தலைவன் வெற்றி பெறக்கூடும். ஆனால், அவ்வெற்றிக்குரிய விலையைக் கொடுப்பவர் பொதுமக்களே. இதற்கு இலங்கையின் 1956ஆம் ஆண்டுத் தேர்தலினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

அத்தேர்தலில் வாகை சூடிய எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா ஆக்ஸ்போர்டில் பயின்றவர். கிறித்தவக் குடும்பத்திற் பிறந்து பௌத்தம் தழுவியவர். 1926ஆம் ஆண்டிலேயே இலங்கைக்குக் கூட்டாட்சி முறை ஏற்றது என எழுதியவர். அத்தகையவரே, ஆட்சிக்கு வந்தால் இருபத்து நான்கு மணி நேரத்திற் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழி ஆக்குவதாக வாக்களித்தார். இரு மொழிக்கும் சமநிலை என யாழ்ப்பாணத்தில் உரைத்திருந்த பிரதமர் சர் ஜான் கொத்தலாவலையின் கட்சியும், 1956 பிப்ரவரியில் அதே முழக்கத்திற்குத் தாவியது. 95 இடங்களுள் பண்டாரநாயக்காவின் கூட்டணி 51 இடங்களை வென்றது. ஆண்ட கட்சி 8 இடங்களோடு நின்றது.

சிங்கள நாட்டுப்புற ஆசிரியருக்கும் இளைஞருக்கும் உண்மையான குறை இருந்தது என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஆங்கிலம் கற்ற சிறு கூட்டமே அரசுப் பணிகளை ஆண்டது. ஆங்கிலத்தின்மேல் எழுந்த நியாயமான சினத்தைத் தமிழின்மேல் திருப்பிவிட்டதே தலைவர்கள் செய்த பிழை.

1956இன் 33ஆம் எண் சட்டம் நிறைவேறியது. பின்னர் நிலைமையின் கடுமையை உணர்ந்த பண்டாரநாயக்கா, 1957 ஜூலையில் தந்தை செல்வநாயகத்தோடு ஓர் உடன்பாடு கண்டார். வட்டார மன்றங்களும், வட கிழக்கு மாகாணங்களில் தமிழில் நிருவாகமும் அதன் சாரம். எதிர்க்கட்சியில் இருந்த ஜே. ஆர். ஜெயவர்த்தனா அதனை எதிர்த்துக் கண்டி நோக்கி நடைப்பயணம் புறப்பட்டார். 1958 ஏப்ரலில், பிக்குகள் பிரதமர் இல்லத்தின்முன் அமர்ந்தபோது உடன்பாடு கைவிடப்பட்டது. அடுத்த மாதமே இனக்கலவரம் மூண்டது. 1959 செப்டம்பரில் ஒரு பிக்குவின் துப்பாக்கிக்குப் பண்டாரநாயக்காவே இரையானார்.

1965இல் காட்சி தலைகீழாயிற்று. டட்லி சேனநாயக்கா செல்வநாயகத்தோடு உடன்பாடு செய்து ஆட்சியில் அமர்ந்தார். இம்முறை பண்டாரநாயக்காவின் கட்சி எதிர்த்தது. மாவட்ட மன்றத் திட்டம் 1968இற் கைவிடப்பட்டது. ஆட்சியிலிருப்பவர் உடன்படுவதும், இழந்தவர் அதனைக் குலைப்பதும் மரபாகவே ஆகிவிட்டன.

இம்மரபுக்கு அறிஞரும் விலக்கல்லர். இரு மொழி எனில் ஒரே நாடு, ஒரு மொழி எனில் இரு நாடு என்று 1956இல் எச்சரித்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. அவரே 1972இல் அமைச்சராயிருந்து வகுத்த அரசியலமைப்புச் சிங்களத்தின் தனிநிலையை மேலும் உறுதியாக்கியது. தமிழ்த் தலைவரும் குற்றத்திற்கு அப்பாற்பட்டவரல்லர். தோட்டத் தொழிலாளரின் குடியுரிமை பறிபோன காலத்தில், 1948இல் ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சர் பதவி ஏற்றார். அதனை ஏற்காத செல்வநாயகம் பிரிந்து 1949இல் தனிக்கட்சி கண்டார்.

வரலாற்றின் கொடிய முரண் 1987இல் வெளிப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்குமுன் உடன்பாட்டை எதிர்த்து நடந்த அதே ஜெயவர்த்தனா, அதிபராக இருந்து ராஜீவ் காந்தியோடு ஒப்பந்தம் செய்தார். மாகாண மன்றங்கள் பிறந்தன. தமிழும் ஆட்சிமொழி என்று சட்டத்தில் ஏறிற்று. 1957இல் ஒரு கையெழுத்தால் நிலைத்திருக்கக்கூடியது, 1983இன் படுகொலைகளுக்குப் பின்னரே வந்தது. அப்போதும் போர் ஓயவில்லை. 2009 வரை நீடித்தது.

இவ்வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர், ஒரு தலைவனை நல்லவன், தீயவன் எனப் பெயரிடுவதோடு நின்றுவிடலாகாது. பதவியில் இருந்தபோது அவன் சொன்னது யாது, இழந்தபோது சொன்னது யாது என்று ஒப்பிட்டு நோக்க மாணவரைப் பழக்குதல் வேண்டும். இரண்டும் ஒன்றாயின் அது கொள்கை. வேறாயின் அது தன்னலம். இவ்வொரு கேள்வியைக் கேட்கத் தெரிந்த வாக்காளரை மேடை முழக்கம் எளிதில் ஏமாற்றாது.