பள்ளி: துறவியர் விட்டுச்சென்ற சொல்

கொழும்புப் புறக்கோட்டையில் ஓட்டோவில் ஏறி "பள்ளியடியில இறக்குங்க" என்றால் வண்டி இரண்டாம் குறுக்குத் தெருவுக்குத் திரும்பும். சிவப்பும் வெள்ளையுமாக வரியோடி நிற்கும் ஜாமிஉல் அல்பர் பள்ளிவாசல் அங்கேதான் இருக்கிறது. 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்தார்கள். ஊர்வழக்கில் சம்மாங்கோட்டுப் பள்ளி. சென்னையில் இதே சொல் பிள்ளைகள் படிக்கும் இடத்தைக் குறிக்கும். இலங்கையில் அதற்குப் 'பாடசாலை' என்ற சொல் நிலைத்துவிட்டதால், தனித்து நிற்கும் 'பள்ளி' தொழுகைக்கு உரியதாயிற்று.

இரண்டுக்கும் முன்னால் அது துறவியர் வாழ்வைச் சொன்ன சொல். மதுரைக்கு அருகே மாங்குளம் குன்றின் தமிழ் பிராமிக் கல்வெட்டு, பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளன் ஒருவன் கணிநந்தன் என்ற சமணத் துறவிக்காகப் பாறையில் பள்ளி வெட்டுவித்ததைக் கூறுகிறது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டினது என்று கணித்தார். கொடையாக அங்கே கிடைத்தது கூரைவேய்ந்த மண்டபமன்று. ஆள் படுக்குமளவு சமன்செய்த கல், சில இடங்களில் தலைமாட்டில் சற்றே உயர்த்திய விளிம்பு, மழைநீர் உள்ளே இறங்காதபடி குகை நெற்றியில் வெட்டிய காடி, அவ்வளவே. வீட்டைத் துறந்தவருக்கும் உடலைக் கிடத்த ஓரிடம் வேண்டியிருந்தது. 'பள்ளிகொள்ளுதல்', 'பள்ளியறை', 'பள்ளியெழுச்சி' எல்லாவற்றிலும் அந்த உறக்கம் இன்னும் இருக்கிறது.

துறவியர் இல்லத்துக்கு மொழிகள் பெயர் தேர்ந்த விதம் என்னை ஈர்க்கிறது. சிங்களத்தின் 'பன்சல' இலையால் வேய்ந்த குடிலைப் பார்த்தது. கொட்டாஞ்சேனைத் தீபதுத்தமாராமயவின் பெயரில் உள்ள 'ஆராமம்' தோட்டத்தைப் பார்த்தது. தமிழ் பார்த்தது படுக்கையை. எனக்கு இதுவே மூன்றிலும் மனிதருக்கு நெருக்கமானது.

சோழர் காலத்தில் அந்தப் படுக்கை பெருநிறுவனமாக வளர்ந்தது. சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலம் 'பள்ளிச்சந்தம்' எனத் தனியே எழுதப்பட்டது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய விகாரத்துக்கு முதலாம் இராஜராஜன் (985–1014) ஆனைமங்கலத்தை வழங்கிய செப்பேடு இன்று லெய்டன் பெயரால் அறியப்படுகிறது. அதன் தமிழ்ப்பகுதி 'விகாரத்துப் பள்ளி' என்றே எழுதுகிறது. வடசொல் வந்த பிறகும் தமிழ்ச்சொல்லை விட மனமில்லை. திருகோணமலைக்கு அருகிலுள்ள வெல்கம் விகாரைக்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயரும் இருந்தது. அங்கு கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள், விளக்கெரிக்கக் கொடுத்த தானங்களைச் சொல்கின்றன. ஈழத்தில் தமிழ்ப் பௌத்தம் பற்றிப் பேசுகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பின்னர் தமிழரிடையே சமணமும் பௌத்தமும் சுருங்கின. துறவியர் எழுத்துக் கற்பித்த நினைவு 'பள்ளிக்கூடம்' ஆனது என்பர். இஸ்லாமியர் தம் வழிபாட்டிடத்துக்கு அரபுச் சொல்லோடு நில்லாமல் இதையும் எடுத்துக்கொண்டனர். மலையாளத்தில் பள்ளி மசூதிக்கும் தேவாலயத்துக்கும் பொது. துறவியர் இல்லத்துக்கு மட்டும் தமிழில் இன்று வேறு பெயர்: கத்தோலிக்க அருட்சகோதரிகள் வாழுமிடம் கன்னியர் மடம்.

புறக்கோட்டையிலிருந்து கொச்சிக்கடைப் பக்கம் சற்று நடந்தால் புனித அந்தோனியார் திருத்தலம். தமிழர் அதை அந்தோனியார் கோயில் என்பர். அருகில் மெழுகுவர்த்தி ஏற்றி நிற்கும் சிங்களப் பெண்ணுக்கு அது 'பல்லிய'. தமிழ்க் கத்தோலிக்கர் எடுத்துக்கொள்ளாத நம் பழஞ்சொல் அவர் வாயில் இருக்கிறது.